பெட்ரோல் குடிக்காத டிராக்டர்

வெண்ணெய் ஆலையின் கூரைக் காற்றாடியைப் பற்றி நேற்றே சொல்லியாகிவிட்டது, இன்று டிராக்டருக்கு எதைச் சொல்வது என்று ஆர்டித் டோலஃப்சன் மனதுக்குள் தேடிக்கொண்டிருந்தாள். அவளுடைய தோட்ட டிராக்டர் பெட்ரோல் குடிப்பதை நிறுத்திப் பல வருடங்கள் ஆகியிருந்தன. ஸ்கோக்டால் ஊரைப் பற்றி ஓர் உண்மையைச் சொன்னால் கிளம்பும், அதுவும் ஏற்கெனவே சொல்லாததாக இருக்க வேண்டும். துருப்பிடித்து ஓட்டை விழுந்த பெட்ரோல் தொட்டியில் ஒரு சிட்டுக்குருவிக் குடும்பம் வசித்தது. தேவாலய மணி வேறொரு ஊருக்காக வார்க்கப்பட்டது, அதில் இன்றும் அந்த ஊரின் பெயர்தான் இருக்கிறது என்று சொன்னதற்கு முன்புறத்துப் புல் முழுவதையும் வெட்டியது. ஊர் வங்கியைக் கொள்ளையடித்த ஒரே திருடன் போகும்போது குளிர் உள்ளே வராமல் கதவைச் சாத்திவிட்டுப் போனான் என்றதற்கு, ஒரு குளிர்காலம் முழுக்கத் தெருவின் பனியைத் தள்ளியது.

பொய்யை மட்டும் அது பொறுக்காது. டிராக்டர் சங்கத்தின் தலைவர் ஆரின் ஸ்கார், தன் தாத்தாதான் இந்த ஊரைத் தொடங்கினார் என்று ஒருமுறை அதன் மேல் ஏறி உட்கார்ந்து பெருமையாகச் சொன்னார். டிராக்டர் இருமி, கரும்புகை விட்டு, அவரை உட்கார வைத்தபடியே நின்றுபோனது. அடுத்த வாரமே தேவாலயத்தின் ஊர் வரலாற்றுச் சிற்றேட்டில் அந்த வரியைத் திருத்தினார்கள். அதன் பிறகு வேலித் தகராறு உள்ளவர்கள் இரண்டு தரப்பும் டிராக்டரிடம் வந்து ஆளுக்கொன்று சொல்லிப் பார்த்துவிட்டுப் போனார்கள். மாவட்ட நீதிபதிக்கு ஸ்கோக்டாலிலிருந்து வழக்கு வருவது குறைந்துபோனது.

கணவன் வெர்லின் ஓட்டினான், ஆர்டித் பக்கத்தில் நடந்தபடி சொன்னாள். முப்பது வருடக் குடித்தனம் இப்படித்தான் போனது. யாருடைய மாமா எந்தக் கிணற்றில் பல்செட்டைத் தவறவிட்டார், எந்த அஞ்சல்காரி எல்லாத் தபால் அட்டைகளையும் படித்தாள் என்று இண்டு இடுக்கெல்லாம் அவளுக்குத் தெரியும். யாருக்கும் உதவாத குப்பை என்று சாப்பாட்டு மேசையில் வெர்லின் சிரிப்பான், அந்தக் குப்பையில்தான் தன் வண்டி ஓடுகிறது என்பதை மறந்துவிட்டு. அவளும் சிரிப்பாள். சிரித்து முடித்தபின் ஒரு நிமிடம் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். அதை அவன் கவனித்ததில்லை.

அவன் வசந்தத்தில் இறந்தான். சாவதற்கு முன் சங்கத்துக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தான். ஆகஸ்ட் கண்காட்சியில் எடைவண்டியைக் கடைசிக் கோடுவரை இழுக்கும்வரை டிராக்டர் வீட்டில் இருக்கும், இழுக்க முடியாமல் போகிற வருடம், பழைய வண்டிகளைக் காட்சிக்கு வைக்கும் சங்கத்தின் கண்ணாடி அறைக்குப் போய்விடும். எடைவண்டி என்பது இழுக்க இழுக்கக் கனம் முன்னால் நகர்ந்து வரும் சறுக்கு வண்டி. ஓட்ட வேறு ஆளில்லை, ஆகஸ்டில் ஆர்டித்தே ஏறி உட்கார்ந்தாள். கண்ணாடி அறையில் டிராக்டர் வைக்கும் இடத்தை ஆரின் முந்தின நாளே பெருக்கித் துடைத்து வைத்திருந்தார்.

"என்ன ஆர்டித், தாலாட்டு பாடியே இழுத்துருவியா?" என்றார் ஆரின், கையில் பாதி தின்ற பன்றி சாசேஜோடு.

"மொதல்ல சட்டையப் பாரு ஆரின். கடுகு சாஸ் வழியுது."

வரிசையாகப் போட்டிருந்த மடக்கு நாற்காலிகளில் சிரிப்பு எழுந்தது. பியர் கூடாரத்தில் இருந்தவர்களும் வெளியே வந்தார்கள்.

இந்த நாளுக்கென்று அவள் மூன்று உண்மைகளைச் சேமித்து வைத்திருந்தாள். முதலாவதில் சங்கிலி விறைத்தது. இரண்டாவதில் பாதி தூரம் போயிற்று. எடை முன்னால் நகர, டிராக்டரின் முன்சக்கரங்கள் தரையை விட்டு எழும்பின. அவள் இடுப்பை முன்னால் சாய்த்து, கிளட்சை ஒரு நூல் விட்டுப் பிடித்து, அவற்றைத் தரையில் இறக்கினாள். மூன்றாவதையும் சொன்னாள். கடைசிக் கோட்டுக்கு ஓர் ஆள் நீளம் இருக்கும்போது எஞ்சின் தணிந்தது.

சொல்ல எதுவும் மிச்சமில்லை. மனதுக்குள் ஊர் முழுக்கத் துழாவினாள். எல்லா வீட்டுக்குள்ளும் போய் வந்தாள், எல்லாம் சொன்னவைதான். நுழையாத வீடு ஒன்றே ஒன்று இருந்தது, அது அவளுடையது. அங்கே ஒரு விஷயம் இருந்தது. அது உண்மையா என்று அவளுக்கே நிச்சயமில்லை. பொய்யாக இருந்தால் வண்டி இங்கேயே, இத்தனை பேர் முன்னால் செத்துப்போகும், ஆரின் கண்ணாடிக் கதவைத் திறந்துவிடுவார். வெர்லின் ஓட்டிய ஒவ்வொரு வருடமும் இப்போ சாயுங்க, இப்போ விடுங்க என்று நடந்தபடி சொன்னது யார் என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். பிறகு குனிந்து, எஞ்சின் மூடியில் உதடு படுகிற மாதிரி சொன்னாள்: இந்த ஊரிலேயே உன்னை நன்றாக ஓட்டுகிறவள் நான்தான்.

தொட்டியின் ஓட்டை வழியாகக் குருவிகள் தலையை நீட்டிப் பார்த்தன. அடுத்து எஞ்சின் உறுமிய உறுமலில் தேவாலயத்தில் இருந்த இரவல் மணி தானாக அடித்தது. டிராக்டர் கோட்டைத் தாண்டியது, திடலைத் தாண்டியது, எடைவண்டியைப் பியர் கூடாரத்தின் வாசல்வரை இழுத்துக்கொண்டுபோய், பீப்பாய்களுக்கு ஒரு முழம் முன்னால் மரியாதையாக நின்றது. மடக்கு நாற்காலிகள் எல்லாம் காலியாகிவிட்டன, எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். எடைவண்டி உழுத தடத்தில் மறு வருடம் சோளம் விதைத்தார்கள், நன்றாக வந்தது.

ஆரின் கை ஒலிபெருக்கியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். கண்ணாடி அறையைப் பற்றி அவர் பேசவில்லை.

"கடைசில குனிஞ்சு என்னமோ சொன்னியே. அத இதுல சொல்லு. ஊரே கேக்கட்டும்."

கூட்டமும் சொல்லு சொல்லு என்றது. ஆர்டித் ஒலிபெருக்கியை வாங்கினாள். பிறகு அதை அவர் கையிலேயே மெதுவாகத் திருப்பி வைத்தாள்.

"வேணாம் ஆரின். எல்லாரும் பாத்துட்டாங்கல்ல," என்று சொல்லிவிட்டு, சங்கிலியைக் கழற்றக் குனிந்தாள்.