இரண்டாவது பிள்ளை சபைக்கு

ஒரு ஆத்துமாவின் விலை இன்னோர் ஆத்துமா. துணிக்கடைக்காரரின் கல்யாணப் பேச்சு அப்படித்தான் முடிந்தது.

மாப்பிள்ளையான அவர் கத்தோலிக்கர், பெண் பெந்தெகொஸ்தே சபை. மண்டபம், சாப்பாடு எல்லாவற்றையும் காபி ஆறுவதற்குள் பேசி முடித்தவர்கள், இன்னும் பிறக்காத பிள்ளைகளிடம் வந்து முட்டிக்கொண்டு நின்றார்கள்.

"பிறக்கறதெல்லாம் எங்க கோயிலுக்குத்தான்" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"அப்ப பொண்ணு எங்க வீட்லயே இருந்துட்டுப் போகட்டும்" என்று பெண்ணின் அண்ணன் எழுந்து செருப்பை மாட்டினார். மாட்டியவர் போய்விடவில்லை, வாரைச் சரிசெய்துகொண்டே நின்றார். வியாபாரம் தெரிந்தவர். வாசற்படியில் வைத்துப் பேரம் படிந்தது. முதல் பிள்ளை கோயிலுக்கு, இரண்டாவது சபைக்கு. மூன்றாவது வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். பிள்ளைகள் எல்லாரையும் கத்தோலிக்கராக வளர்ப்பாயா என்று கோயிலில் கேட்டபோது மாப்பிள்ளை தலையை ஆட்டினார். மேலும் கீழுமா, பக்கவாட்டிலா என்று யாரும் உற்றுப் பார்க்கவில்லை.

முதலில் மகள் வந்தாள், பேச்சுப்படி கோயிலுக்குப் போனாள். அடுத்து மகன். அந்தப் பிரசவத்தில் தாய் பிழைத்ததே பெரிய பாடு. மயக்கம் தெளிந்ததும் பிள்ளை இறந்தே பிறந்தது என்று அவளிடம் சொன்னார்கள். அதற்குப் பிறகு பிள்ளை இல்லை. அவள் பங்கு வரவே இல்லை. ஆனாலும் பேசிய பேச்சை அவள் ஒருநாளும் கிளறியதில்லை. ஞாயிறு காலையில் மகளுக்குப் பின்னல் போட்டுக் கோயிலுக்கு அனுப்பிவிட்டு, தனியாகச் சபைக்கு நடப்பாள். அங்கே ஞாயிறு பள்ளியில் மற்றவர்களின் பிள்ளைகளுக்குப் பாட்டும் மனப்பாட வசனமும் சொல்லிக்கொடுப்பாள்.

துணிக்கடைக்காரர் இந்த இரண்டு போதனையையும் கடைக்கணக்கில்தான் புரிந்துவைத்திருந்தார். அவர் கோயிலில், பிள்ளை பிறந்த கையோடு திருமுழுக்கு என்று சரக்கைத் தலையில் ஊற்றிவிடுவார்கள். என்ன வாங்கினோம் என்பதைப் பிற்பாடு வருஷக்கணக்காக மறைக்கல்வி வகுப்பில் கேள்வி, பதிலாக விளக்குவார்கள். அவள் சபையில் பிள்ளையை மேடையில் ஏந்தி ஜெபித்து ஆண்டவருக்கு ஒப்புக்கொடுப்பதோடு சரி. வளர்ந்து, துணியை விரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, 'இது எனக்கு வேணும்' என்று தன் வாயால் சொன்னால்தான் தண்ணீருக்குள் இறக்குவார்கள். இரண்டு கடைக்கும் கூட்டம் வரத்தான் செய்கிறது என்பார்.

இப்போது மகளுக்கு, அந்தத் திருமுழுக்கை வளர்ந்தபின் உறுதிசெய்யும் உறுதிப்பூசுதல் சடங்கு நெருங்கிவிட்டது. அதற்கு முன் பங்குத்தந்தை ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்காரவைத்துக் கேள்வி கேட்பார். வீட்டில் அவளுக்குப் பாடம் கேட்பது யார்? அம்மாதான். தன் கடையில் விற்காத சரக்கை இத்தனை ஒழுங்காக அடுக்கிவைக்க யாரால் முடியும் என்று துணிக்கடைக்காரருக்கே சில நேரம் கூச்சமாக இருக்கும்.

அந்த ஞாயிறு மத்தியானம் மூவரும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். மேசையைத் துடைத்துவிட்டு அம்மா மறைக்கல்விப் புத்தகத்தை விரித்தாள்.

"அவசரத்துல திருமுழுக்கு யாரு குடுக்கலாம்?"

"யாரு வேணும்னாலும். ஃபாதர் வர்றதுக்குள்ள உசுரு போயிடும்னா நர்ஸ்கூடக் குடுக்கலாம்."

"எப்படி?"

"தலையில தண்ணி ஊத்தி, தந்தை, மகன், தூய ஆவி பேரைச் சொல்லணும்."

"யாருக்குக் குடுக்கக் கூடாது?"

"செத்தவங்களுக்கு. உசுரோட இருக்கறவங்களுக்கு மட்டும்தான்." மகள் நிறுத்தினாள். விரலால் மேசையின் ஈரத்தைத் தேய்த்தாள். "அம்மா, அப்ப தம்பி?"

"தம்பிக்கு என்ன?"

"தண்ணி ஊத்தாத பாப்பா எல்லாம் மோட்சத்து வாசல்லயே நிக்குமாம். வகுப்புல ஒரு பையன் சொன்னான். டீச்சர் அப்படியெல்லாம் இல்ல, கடவுள் இரக்கம் உள்ளவர்னாங்க. ஆனா நிச்சயமான்னு கேட்டா, நம்புவோம்னு மட்டும்தான் சொல்றாங்க."

"வாசல்ல நிக்கவைக்க அவர் என்ன வாடகைக்கா விட்டிருக்காரு? பிள்ளைங்க எல்லாம் ஆண்டவரோடதுதான். யாரும் முத்திரை குத்தி அனுப்ப வேண்டாம்."

"அது உங்க சபையிலம்மா. நான் கோயில்லதானே இருக்கேன்."

பெண் அழத் தொடங்கியிருந்தாள். ஓசையில்லாமல், மூக்கை மட்டும் உறிஞ்சிக்கொண்டு.

வாடிக்கையாளர் முகம் வாடினால் உடனே உள்ளறைச் சரக்கை எடுத்துப் போடுவது துணிக்கடைக்காரரின் கைப்பழக்கம். யோசிக்காமல் எடுத்துப் போட்டுவிட்டார்.

"அழாதேம்மா. தம்பிக்கு அப்பா ஊத்திட்டேன். என் கையாலயே."

மகள் முகம் தெளிந்தது. "நெசமாவாப்பா?"

"நெசமா."

அம்மா புத்தகத்தைப் பார்த்தாள். அவள் விரல் இன்னும் கடைசிக் கேள்வியின் மேலேயே இருந்தது. பிறகு கணவரைப் பார்த்தாள்.

"ஏங்க. உசுரோட இருந்தானா?"

கீழே தெருவில் யாரோ வண்டியைக் கிளப்பிப் போனார்கள். சத்தம் தேய்ந்ததும் அவர் சொன்னார்.

"டாக்டர்தான் சொல்ல வேணாம்னாரு. நீ தாங்க மாட்டேன்னாரு. அன்னைக்கு உன்னையும் சேத்துப் பறிகொடுத்துடுவேனோன்னு..."

"அன்னைக்கு. சரி. அதுக்கப்புறம்?"

"அப்புறம் எந்த நாள்ல சொல்றது?"

மகள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். தான் சரியாகச் சொன்ன பதில்தான் இதை உடைத்தது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அம்மா அவள் கையைப் பிடித்தாள்.

"நீ நல்லாத்தான் படிச்சிருக்கே. உன்மேல ஒண்ணும் இல்ல."

பிறகு அவரிடம் திரும்பினாள். குரல் உயரவில்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது. கத்துகிற வாடிக்கையாளரைச் சமாளிக்கலாம். மெதுவாக மடித்துவைத்துவிட்டு எழுந்து போகிறவரைத் திருப்பி அழைக்க முடியாது.

"ரெண்டாவது எங்களுக்குன்னு பேச்சு. ஆண்டவர் எடுத்துக்கிட்டார், சபைக்குக் கொடுப்பினை இல்லன்னு நெனச்சேன். நீங்க அவனையும் உங்க பக்கம் எழுதிட்டீங்க."

"அந்த நேரத்துல பேச்செல்லாம் ஞாபகம் இல்லம்மா. எனக்குச் சொல்லிக்குடுத்தது அதான். உசுரு போகுது, தண்ணி ஊத்து. கை தானா போயிடுச்சு."

அவள் புத்தகத்தின் ஓரத்தை நீவினாள்.

"அத விடுங்க. எனக்குச் சொல்லிக்குடுத்தது வேற. தண்ணி இல்லாமலும் அவன் போய்ச் சேர்ந்திருப்பான். ஆனா நீங்க கெடுதல் நெனச்சு ஊத்தல. அதுக்கு நான் கணக்குக் கேக்கல." மூச்சை இழுத்தாள். "அழுதானா?"

"இல்ல. தண்ணி பட்டதும் மூஞ்சியச் சுளிச்சான்."

"எப்படி?"

அவர் செய்து காட்டினார். நரைத்த மீசையோடு, நெற்றியைச் சுருக்கி, உதட்டை ஒரு பக்கம் இழுத்து. யாரும் சிரிக்கவில்லை. அம்மா அதைக் கண் கொட்டாமல் பார்த்தாள்.

"இன்னொரு தடவை."

மறுபடி செய்தார். அப்போதுதான் அவர் கண் நிறைந்து வழிந்தது.

"முடி இருந்துச்சா?"

"நெறைய. ஈரமா, காது மேல ஒட்டிக்கிட்டு."

"கை?"

"மூடியிருந்துச்சு. என் விரல வச்சுப் பாத்தேன். கொஞ்சம் புடிச்ச மாதிரி இருந்துச்சு. நெசமாப் புடிச்சானான்னு தெரியல."

"நான் இருந்த ரூம் பக்கம் கொண்டுவந்தீங்களா?"

"கதவு வரைக்கும் வந்தேன். விடல."

அவள் கேட்டுக்கொண்டே போனாள். அவர் ஒளிக்காமல் சொன்னார், தெரியாததைத் தெரியாது என்றும் சொன்னார். முகச் சுளிப்பு, முடி, மூடிய கை, கதவு வரை வந்தது, அவனைச் சுற்றியிருந்த துண்டின் வெள்ளை நிறம். கையிருப்பு முழுவதும் அவ்வளவுதான். எல்லாவற்றையும் மேசைமேல் வைத்தாயிற்று. இத்தனை வருஷம் அவளுக்குத் தெரியாமல் இவற்றை அவர் மட்டும் வைத்திருந்தார் அல்லவா, அதற்கு ஈடாகக் கொடுக்க அவரிடம் வேறொன்றும் இல்லை. அந்த வருஷங்கள் அவர் பெயரில் பாக்கியாகவே நின்றன.