எல்லாப் புள்ளியும் பிஸ்கட்டுக்கு

எங்கள் பிளாக்கில் ஒருவன் யாரையாவது குத்தப் போகிறான் என்றால், மூன்று நாள் முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிடும். ஜோசியமெல்லாம் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத கைதிகளுக்குக் கேன்டீன் சீட்டு எழுதிக் கொடுப்பவன் நான். ஒரு சீட்டுக்குக் கூலி அரைக் கட்டி துணி சோப்பு.

சிறைக்குள் காசு செல்லாது, புள்ளிதான். வாரம் முழுக்க வேலை செய்தால் அறுபது புள்ளி. புதன்கிழமை சீட்டு, வெள்ளிக்கிழமை மாலை சரக்கு. பால் பவுடர் இருபத்திரண்டு, சோப்பு எட்டு, பிஸ்கட் பாக்கெட் ஐந்து, போன் நிமிடத்துக்கு இரண்டு. செலவழிக்காத புள்ளி கணக்கில் சேரும். ஆனால் அடிதடி செய்து தனிக் கொட்டடிக்குப் போனால் சேர்த்ததெல்லாம் அம்போ. அதனால் ஒருத்தனை முடித்துவிடுவது என்று தீர்மானித்தவன் முதலில் புள்ளியைத்தான் காலி செய்வான்.

வெல்டர் என்றொரு கைதி அப்படித்தான் செய்தான். சேர்த்து வைத்திருந்த தொண்ணூறு புள்ளிக்கும் புகையிலை எழுதச் சொன்னான். நானும் எழுதினேன். சனிக்கிழமை காலை சமையற்கட்டில் பல் துலக்கும் பிரஷ்ஷைக் கூராக்கிச் சமையல்காரனின் கழுத்தில் இறக்கினான். இரண்டு கையாலும் கழுத்தைப் பொத்திக்கொண்டு அந்த ஆள் அடுப்பு மேலேயே சாய்ந்தான். ரத்தம் சூட்டில் பொரிந்த வாடை எங்கள் சாப்பாட்டு வரிசைவரைக்கும் வந்தது. அதற்குப் பிறகும் இரண்டு தடவை அதே மாதிரிச் சீட்டு வந்தது. இரண்டிலும் நான் முன்கூட்டியே சொன்னதுதான் நடந்தது. பிளாக்கில் என்னைக் கண்டால் கொஞ்சம் மரியாதை வந்தது. எனக்கும் தலைக்கனம் ஏறியது, ஏன் மறைக்க வேண்டும்?

வெளியே நான் பன்னிரண்டு வருடம் ஒரு பெரிய கடையில் சாமான் அடுக்கியவன். மனுஷன் வாய் பொய் சொல்லும், கூடை சொல்லாது. முதல் பாக்கெட் பிஸ்கட் அமிர்தம், இரண்டாவது பரவாயில்லை, மூன்றாவது வெறும் மாவு. மூன்றாவதைத் தொடும்போதே கை தயங்கும், அடுத்த தட்டுக்குப் போகும். கையில் இருப்பதை எங்கே எவ்வளவு போட்டால் மனசு நிறையும் என்று திருடனுக்கும் தெரியும், கொலைகாரனுக்கும் தெரியும். அதனால் நான் யாரிடமும் ஏன் என்று கேட்டதில்லை. என்ன வாங்குகிறான் என்று தெரிந்தால் போதும்.

சுத்தியல் அண்ணனின் சீட்டு ஆறேழு மாதமாக மாறவே இல்லை. ஒரு சோப்பு, ஒரு பால் பவுடர், மகளோடு பேசப் பத்து நிமிடம். மிச்சம் பத்துப் புள்ளி சேமிப்பு. எதற்குச் சேமிக்கிறார் என்று நான் கேட்டதில்லை. அவர் இரண்டு பேரைச் சுத்தியலால் அடித்துக் கொன்றுவிட்டு வந்தவர், அதனால் அந்தப் பெயர். நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம்.

இப்போது என் மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மனைவியின் அண்ணன். கடைக் கிடங்கில் கைவைக்கலாம் என்று யோசனை சொன்னவன் அவன், காவலாளி மண்டையை உடைத்தவன் நான், உள்ளே வந்தது இரண்டு பேரும். வாய் கொழுப்பெடுத்த ஜென்மம். இருந்தாலும் என் மனைவி பார்க்க வரும் ஒவ்வொரு தடவையும் அழுதுகொண்டே சொல்வாள்: "எங்கண்ணனை உயிரோட கூட்டிட்டு வந்துடுங்க. எனக்குன்னு பொறந்த வீட்டுல அவன் ஒருத்தன்தான்." எங்கள் இரண்டு பேருக்கும் விடுதலைக்கு இன்னும் பத்தொன்பது நாள்தான் இருந்தது.

அந்தத் திங்கட்கிழமை போன் வரிசையில் சுத்தியல் அண்ணனுக்குப் பின்னால் மச்சான் நின்றான். அண்ணனின் நேரம் முடியவில்லை. மச்சானுக்குப் பொறுக்கவில்லை. "போதும்யா, கெழவனுக்கு என்ன கொஞ்சல்!" என்று சொல்லி, கையை நீட்டி, போனின் கொக்கியை அழுத்திவிட்டான்.

வரிசை மொத்தமும் மூச்சை அடக்கியது. சுத்தியல் அண்ணன் அடித்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அவர் அடிக்கவில்லை. ரிசீவரைக் காதிலேயே வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி அப்படியே நின்றார். கண் சிவந்திருந்தது. பிறகு ரிசீவரை மெதுவாக மாட்டிவிட்டு, மச்சானைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனார்.

புதன்கிழமை சீட்டு எழுத வந்தார்.

"எம்பேர்ல எவ்ளோ புள்ளி இருக்கு?"

"இந்த வாரத்தோட சேர்த்து முந்நூத்தி அம்பதுண்ணே."

"எல்லாத்துக்கும் பிஸ்கட் எழுது. எத்தன பாக்கெட் வரும்?"

"எழுபது." பேனாவை நிறுத்தினேன். "போனு?"

"இந்த வாரம் வேணாம். எழுதுப்பா. எதுக்குன்னா..."

"எதுக்குன்னு எனக்கு வேணாம்ணே," என்று கையைக் காட்டித் தடுத்தேன். என் கெட்டிக்காரத்தனம் அது. எழுபது பாக்கெட் பிஸ்கட்டை எந்த மனுஷன் தின்பான்? மகளின் குரலையே வேண்டாம் என்றவனுக்கு நாளைக்கென்று என்ன இருக்கிறது? ஏதோ சொல்ல வந்த அவர் வாய் மூடிக்கொண்டது. கைநாட்டு வைத்துவிட்டுப் போனார்.

வார்டரிடம் ஓடினேன். "பிஸ்கட் வாங்கினா குத்தமா? போடா," என்றான். மச்சானிடம் சொன்னேன். "மாப்ள, அந்தக் கெழவனா? ஒரு தட்டு தட்டினா விழுந்துடுவான்," என்று சிரித்தான். பட்டால்தான் தெரியும் இவனுக்கு, ஆனால் இவனுக்குப் படுவது கழுத்தில்தான் படும். என் மனைவி முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது. பதினேழு நாள் கழித்து வாசலில் நின்று அவளிடம் என்ன சொல்வேன்? வெள்ளம் வருமுன் அணை போடு என்று எவனோ சொல்லி வைத்திருக்கிறான். போட்டேன்.

என்னிடம் கூலியாக வந்த சோப்பு பதினோரு கட்டி இருந்தது. காய்ந்து கல்லாகியிருந்தது. தலையணை உறையில் போட்டு வாயை முறுக்கிக் கட்டினேன். வெள்ளிக்கிழமை காலை குளியலறையில் சுத்தியல் அண்ணன் குனிந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். பின்னால் போய் முதல் அடியைக் காதுக்கு மேலே இறக்கினேன். அவர் திரும்பினார். இரண்டாவது அடி தாடையில் விழுந்தது, எலும்பு விட்டுப் போன சத்தம் கேட்டது. பல்லுக்கு நடுவில் நாக்கு மாட்டியிருக்க வேண்டும். வாயிலிருந்து ரத்தத்தோடு ஒரு சதைத் துண்டு ஈரத் தரையில் விழுந்தது. கீழே விழுந்த பிறகும் நான் நிறுத்தவில்லை. அவர் கையைத் தூக்கவே இல்லை, அது என் ஆத்திரத்தை இன்னும் ஏற்றியது. "அடிடா, திருப்பி அடிடா!" என்று கத்திக்கொண்டே அடித்தேன்.

வார்டர்கள் நாலு பேர் வந்தார்கள். லத்தியால் என் வலது மணிக்கட்டை உடைத்தார்கள், விலாவை உடைத்தார்கள். அது அவர்கள் வேலை, எனக்கு வருத்தமில்லை. மச்சானைக் காப்பாற்றிவிட்டேன் என்ற நினைப்பில் நான் சிரித்தேன் என்று பிறகு சொன்னார்கள்.

சிறை மருத்துவமனையில் இருப்பது ஒரே அறை. என்னைக் கட்டிலோடு சேர்த்து விலங்கு போட்டார்கள். பக்கத்துக் கட்டிலில் அவர், தாடையைக் கம்பியால் இழுத்துக் கட்டி. சண்டை போட இரண்டு பேருக்கும் தெம்பில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்கு இன்னும் நாலு வருடம் சேர்ந்தது.

மச்சான் விடுதலையாகிற அன்று என்னைப் பார்க்க வந்தான். "மாப்ள, வெள்ளிக்கெழமை பிஸ்கட் வந்துச்சுல்ல, கெழவன் இல்லாததால வார்டரே எல்லாருக்கும் பிரிச்சுக் குடுத்துட்டாரு. ஆளுக்கு ஒண்ணு, உங்க ரெண்டு பேரையும் சேர்த்தா கரெக்டா இருந்துச்சு." பிளாக்கில் எழுபது பேர் என்பது எனக்குத் தெரியும். சீட்டு எழுதும்போது அது ஏன் தோன்றவில்லை என்று என்னையே கேட்டுக்கொண்டேன். பக்கத்துக் கட்டிலைப் பார்க்கும் தைரியம் வரவில்லை.

மறுவாரம் ஒரு பெண் வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும், கையில் துணியில் சுற்றிய பச்சைக் குழந்தை. பலத்த காயம் என்பதால் உள்ளே வந்து பார்க்க இருபது நிமிடம் அனுமதி கொடுத்திருந்தார்கள். அவரைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு குழந்தையை அவர் மார்பில் படுக்க வைத்தாள்.

"உங்க பேரன்பா. அன்னைக்கு ஆஸ்பத்திரியிலேருந்து சொன்னேன்ல, அவன்தான். அப்புறம் லைன் கட் ஆயிடுச்சு. நீங்க அழுதீங்களா சிரிச்சீங்களான்னே எனக்குத் தெரியல."

அவர் ஒரு கையால் குழந்தையின் முதுகைத் தொட்டார்.

"பேரு நீங்கதான் வைக்கணும்னு சொன்னேனேப்பா. யோசிச்சு வச்சிருக்கீங்களா?"

அவர் வேகமாகத் தலையை ஆட்டினார். வாயைத் திறக்க முயன்றார். கம்பிக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. மறுபடி அதே சத்தம். அவள் குனிந்து கேட்டாள், புரியவில்லை. மூன்றாவது தடவை எச்சிலோடு ரத்தமும் வந்தது. அவள் சுற்றிலும் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, நீங்க அதே பிளாக்தானே? அங்க சீட்டு எழுதுற ஒருத்தர் இருக்காராமே. வாயத் தெறக்கறதுக்கு முன்னாடியே மனசுல இருக்கறத எழுதிடுவாருன்னு அப்பா போன்ல பெருமையா சொல்வாரு. அவரக் கொஞ்சம் கூப்பிட முடியுமா?"

"நான்தாம்மா அது," என்றேன்.

அவள் முகம் மலர்ந்தது. "அப்ப சொல்லுங்கண்ணே. என்ன பேரு சொல்றாரு?"

சுத்தியல் அண்ணன் என் பக்கம் திரும்பினார். கண்ணில் கோபம் இல்லை, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எனக்காக இன்னொரு தடவை அந்தப் பெயரைச் சொன்னார். நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். ஓர் எழுத்துகூடப் பிடிபடவில்லை.

"தெரியலம்மா," என்றேன். "அவரை அடிச்சது நான்தான்."

அவள் கத்தவில்லை. எழுந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு, கட்டிலைச் சுற்றிப் போய் அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். இன்னும் ஆறு நிமிடம் இருக்கிறது என்றான் வார்டர்.

"திரும்பச் சொல்லுங்கப்பா," என்று அவர் வாயருகே காதை வைத்தாள். "மெதுவா சொல்லுங்க."