மேட்டுக்கடியில் கல்யாணச் சாங்

பனிமலைகளுக்கு நடுவே மணல்மேடுகள் கிடக்கும் ஹுண்டர் ஊரில் மணலைப் பற்றி முருப்பிடம் யாரும் வாதாட மாட்டார்கள். அந்த மேடுகளுக்கிடையே இருபது வருடமாக ஒட்டகம் ஓட்டுகிறவர். வாயைத் திறந்தால் மணல் புராணம்தான். மகள் ஜிக்மெட்டின் கல்யாணத்துக்காக பார்லியில் ஊறிய சாங் என்ற கள்ளை இரண்டு டிரம்களில் மூடிக் கட்டினார். குளிர்ச்சியாக இருக்கும், மணலில் புதைக்கலாம் என்றார். வீட்டு உள்ளறையே போதும் என்று சொல்லிப் பார்த்தாள் மனைவி யாங்டோல். சொன்னால் கேட்கிற ஆளா? கூடவே போய் டிரம்மைப் பிடித்தாள்.

அடையாளத்தையும் அவரே வைத்தார்: படுத்திருக்கும் பசுவின் முதுகு மாதிரி ஒரு மேடு, அதன் இடது அடிவாரம். மாலை வெயிலில் அந்த முகடு ஒரு பக்கம் தேன் நிறத்திலும் மறுபக்கம் கருநீலத்திலும் பிரிந்து நின்ற அழகில் மனிதர் சொக்கிப்போனார்.

பிறகு மூன்று நாள் விடாமல் காற்று. கல்யாணத்தன்று காலையில் போய்ப் பார்த்தால் பசுவையே காணோம். அது இருந்த இடம் பாய் விரித்தாற்போல வரிவரியாகக் கிடக்க, பக்கத்தில் வேறொரு முகடு கூராக எழும்பி நின்றது. அதுவும் கொள்ளை அழகு, பாழாய்ப்போனது! ரசிக்கிற நேரமா இது? மதியம் சுமூரிலிருந்து பெண்ணை அழைத்துப்போக மாப்பிள்ளை வீட்டார் ஏழு பேர் வருகிறார்கள். சாங் ஊற்றாமல் பெண்ணை அனுப்பினான் முருப் என்ற பேச்சு பேரன் காலம் வரைக்கும் நிற்கும். மூன்று இடத்தில் தோண்டினார். வியர்த்ததுதான் மிச்சம்.

யாங்டோல் தேடிக்கொண்டு வந்தாள்.

"மணலையா அடையாளம் வெப்பாங்க? மலை என்னிக்காவது எந்திரிச்சுப் போயிருக்கா?"

அவள் அன்றைக்கே மலையைப் பார்த்து வைத்திருந்தாள். மடத்து வெள்ளைச் சுவருக்கு நேர்மேலே பனிச்சிகரத்தின் பிளவு வரவேண்டும். கிழக்கே ஒற்றைப் பாறை, ஓடை வளைவை மறைக்க வேண்டும். இரண்டும் பொருந்தும்வரை நகர்ந்து நகர்ந்து போய், இதுதான் இடம் என்று காலால் தட்டினாள். தட்டியது புது மேட்டின் உச்சியில். அப்படியானால் டிரம்கள் கிடப்பது இரண்டாள் ஆழத்தில். முருப் மண்வெட்டியைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். மானம் போகப்போகிறதே என்று கண் கலங்கியது.

பெண்ணழைக்க வருகிறவர்களை வாசலில் மறித்து, பாட்டாகவே கேள்வி கேட்டு, பதில் வந்தால்தான் உள்ளே விடுவது அங்கே வழக்கம். யாங்டோல் வாசலை மணலுக்கு மாற்றினாள். பட்டு அங்கியில் வந்து இறங்கிய ஏழு பேரின் கையிலும் ஆளுக்கொரு மண்வெட்டியைத் திணித்தாள்.

"பொண்ணு வேணும்னா எங்க சாங்கைத் தோண்டி எடுங்க. இதுக்கு அடியிலதான் இருக்கு."

அங்கிகள் கழன்றன. தோண்டத் தோண்டச் சரிந்தது. பெண் வீட்டுப் பெண்கள் முகட்டில் வரிசையாக உட்கார்ந்து, பாடிக்கொண்டே காலால் மணலைத் தள்ளிவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டுத் தலைமைக்காரர் நவாங் இரண்டு முறை குழிக்குள் உருண்டார். எழுந்து தும்மிவிட்டு மறுபடியும் தோண்டினார். வெயில் சாய்ந்து மேடெல்லாம் சிவக்கும் நேரத்தில் மண்வெட்டி 'டங்' என்றது. சாங் அப்படியொரு குளிர்ச்சி!

முதல் கோப்பையை முடித்த நவாங் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"எத்தனையோ கல்யாணம் பாத்துட்டேன். இப்படி ஒரு மறியலைப் பாத்ததில்ல. யாரு யோசனை இது?"

முருப் தலையைக் குனிந்துகொண்டார். யாங்டோல் அவர் கோப்பையை நிரப்பி நீட்டினாள்.

"இவரோடதுதான். மணல் விஷயம் வேற யாருக்குத் தெரியும்?"

முருப் இரண்டு கையாலும் வாங்கினார். ஒரு வாய் குடிப்பதற்குள் இரண்டு முறை கண்ணைத் துடைத்துக்கொண்டார். மகள் பிரிகிற வருத்தம் என்று ஊர் நினைத்துக்கொண்டது.