புளோரன்ஸுக்குப் போன தாலிக்கொடி

ஜெயமலருக்கு வந்தது சும்மா கோபமில்லை, ஆளைப் பச்சையாய்த் தின்னுற கோபம். வியாழன் பின்னேரம் கனடாவிலை, வெக்ஸ்போர்ட்டிலை அவளின்ர அப்பாட்மென்ற் வாசல்லை நிண்டு, சப்பாத்தும் கழட்டாமல், தம்பி மகேஸ்வரன் சொல்லிப்போட்டுப் போனான்.

"அக்கா, குறை நினையாதேங்கோ. சனிக்கிழமை என்ர கலியாணத்திலை தோழியாய் சித்தப்பாவின்ர மகள் நிக்கட்டும். புருசன் இல்லாத ஆள் மணவறையிலை நிண்டால் சரிவராதெண்டு பொம்பிளை வீட்டார் யோசிக்கினம். நீங்கள் சாப்பாட்டுப் பக்கத்தைப் பாருங்கோ."

தாலி கட்டேக்கை பின்னாலை விளக்குப் பிடிச்சுத் தோழியாய் நிக்கிறது மாப்பிளையின்ர சகோதரி. அதுதான் முறை. அவனுக்கு இருக்கிறதோ ஒரேயொரு அக்கா. புருசனை ஊர்ச் சண்டையிலை, செல்லடியிலை பறிகுடுத்திட்டுக் கனடா வந்து, பேக்கரியிலை நிண்டு நிண்டு கால் வீங்கி, அவனையும் கூப்பிட்டெடுத்தவள். போன மாசம் தாலிக்குப் பொன்னுருக்கேக்கை தன்ர ஆறு காப்பையும் கழட்டிக் குடுத்தவள்.

"அறுதலியின்ர கை ஆகாதாம், அறுதலியின்ர பவுண் மட்டும் ஆகுமாம். தூ!" எண்டாள், சாத்தின கதவைப் பாத்து.

ஆனால் அந்த மடையன் ஒண்டை மறந்துபோனான். அந்தக் காப்பை உருக்கிச் செய்த தாலிக்கொடி, தாலியும் கோத்தபடி, இவளின்ர அலுமாரிக்குள்ளை கிடந்தது. கலியாணத்தண்டு அக்கா கொண்டு வருவா எண்ட நினைப்பு அவனுக்கு. அக்கா எங்கை போகப்போறா?

பேக்கரியிலை கூட வேலை செய்யிற இத்தாலிக்காரி றோசா எந்த நேரமும் புளுகுவாள், புளோரன்ஸிலை ஒரு பாலம் இருக்குது, பாலம் முழுக்க நகைக்கடை எண்டு. வெள்ளி விடியவே ஜெயமலர் அஜின்கோர்ட்டிலை டிக்கெட் போடுற தமிழ்க் கடைக்குப் போனாள்.

"இத்தாலியோ? அங்கை ஆரிட்டை, அக்கா?"

"ஒருத்தரிட்டையும் இல்லை."

கடைக்காரன் வாயைப் பிளந்தான். சொந்தக்காரர் இல்லாத நாட்டுக்கு ஆரும் பிளேன் ஏறினதை அவன் கண்டதில்லை. போன வருசம் கிடைச்ச கனடாப் பாஸ்போட்டை அவனுக்கு முன்னாலை போட்டாள். கொடியைக் கைப்பைக்குள்ளை வைச்சுக்கொண்டு பின்னேரமே பறந்தாள்.

சனி மத்தியானம் றோமிலையிருந்து ரெயின் பிடிச்சுப் புளோரன்ஸிலை வந்திறங்கினாள். ஊரெல்லாம் சிலை. உடுப்புரிஞ்ச ஆம்பிளையளைக் கல்லிலை செதுக்கி வைச்சிருக்கிறாங்கள், அதைப் பாக்கச் சனம் கியூவிலை நிக்குது. அவள் ஒரு ஐஸ்கிறீம் வாங்கிக்கொண்டு பாலத்தடிக்கு வந்தாள். எரியிற வயித்துக்கு நல்லாத்தான் இருந்தது. அவனை ஒருக்கால் நல்லாய்ப் பதற வைச்சுப்போட்டு, திங்கட்கிழமை கொடியைக் குடுக்கிறதுதான் அவளின்ர எண்ணம்.

கனடாவிலை முகூர்த்த நேரம் பாத்து, கலியாணக் கார்ட்டிலை இருந்த மண்டப நம்பருக்குப் போன் அடிச்சாள். மகேஸ்வரன் ஓடிவந்து எடுத்தான்.

"அக்கா! எங்கை நிக்கிறியள்? ஐயர் கத்துறார். கொடி எங்கை?"

"என்ர கைப்பையிலை. நான் இத்தாலியிலை நிக்கிறன்."

மகேஸ்வரன் அழத் தொடங்கினான். "கொடி இல்லாட்டி மஞ்சள் கயித்திலை கட்டச் சொல்லுறார் ஐயர், அக்கா. முந்நூறு சனத்துக்கு முன்னாலை என்ர மானம் போகுது."

போகட்டும், நல்லாய்ப் போகட்டும்! அவளுக்கு உள்ளுக்குள்ளை குளுகுளு எண்டிருந்தது. ஆனாலும் தூக்கி வளத்த பிள்ளை. மனம் கொஞ்சம் இளகித்தான் போச்சு. திங்கட்கிழமை கொண்டு வாறன் எண்டு சொல்ல வாயெடுத்தாள்.

அதுக்கிடையிலை போனை வேறை ஆரோ பறிச்சாப்போலை கிடந்தது.

"மச்சாள், நான் கஜனி." கலியாணப் பொம்பிளை. "ஏன் மச்சாள் தோழியாய் நிக்கமாட்டன் எண்டனீங்கள்? நீங்கள்தான் நிக்கவேணுமெண்டு அம்மா உங்களுக்குச் சாறியும் எடுத்து வைச்சவ. உங்களுக்கு விருப்பமில்லையெண்டு இவர்தான் சொன்னவர்."

அப்ப அவளை வேண்டாமெண்டது பொம்பிளை வீடு இல்லை. அக்காவைப் பக்கத்திலை வைச்சிருக்க வெக்கப்பட்டவன் அவன். அதைத் தன்ர வாயாலை சொல்லவும் துணிவில்லாமல், மற்றவையின்ர தலையிலை போட்டிருக்கிறான்.

"நீ நல்ல பிள்ளை, கஜனி. உன்னிலை எனக்கொரு கோபமுமில்லை. மஞ்சள் கயித்திலையே கட்டுங்கோ. கொடி இனி வராதெண்டு அவனிட்டைச் சொல்லு."

போனை வைச்சுப்போட்டு நேரை பாலத்துக்கு ஏறி, முதல் கண்ட நகைக்கடைக்குள்ளை போனாள். கொடியை எடுத்துக் கண்ணாடி மேசையிலை போட்டு, தன்ர காப்பில்லாத கையைச் சுத்தி விரலாலை ஒரு வட்டம் போட்டுக் காட்டினாள். கிழட்டுத் தட்டான் விளங்கிக்கொண்டான். நடுவிலை இருந்த தாலியைத் தூக்கிப் பிடிச்சு, இதையுமோ எண்டு கண்ணாலை கேட்டான்.

"ஓம், உருக்கு," எண்டு தமிழிலையே சொன்னாள். "ஒரு பொட்டும் மிச்சம் விடாமல் உருக்கு."