ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடம்

கெர்லியின் வேலை தண்ணீர் நிரப்புவது. மோலோ என்ற ஊரில், தேவாலயத்துக்குப் பின்தெருவில், காலி கேன்களை வாங்கிக் கழுவி நிரப்பி, மூடி போட்டுக் கொடுப்பாள். அதிகம் பேச மாட்டாள். கேன் நிறையும் இடைவெளியில் கைப்பேசியில் ஒரு கூடைப்பந்து அணிக்குப் பயிற்சியாளர்.

இணைய விளையாட்டுதான். பந்தைத் தொட முடியாது. வாரத்துக்கு நூற்றிருபது நிமிடப் பயிற்சி நேரத்தைப் பத்து ஆட்டக்காரர்களுக்குப் பிரித்து வைக்க வேண்டும். சனிக்கிழமை மாலை ஆட்டம் தானாக நடந்து, வரிவரியாகத் திரையில் வரும்.

ஆட்டக்காரர்களுக்குப் பெயர் கேட்டபோது வேறெதுவும் தோன்றாமல் தெருக்காரர்களின் பெயர்களைப் போட்டாள். தவறு அங்கேதான் ஆரம்பித்தது. விஷயம் பரவ ஒரு வாரம்கூட ஆகவில்லை.

"என்ன கெர்லி இந்தாய், நான் அடிச்ச பந்து ஒண்ணுகூட உள்ள போகல? என்னைப் பட்டினி போடறியா?" என்றாள் நெனித்தா. தெருமுனையில் பச்சோய் என்ற எலும்பு நூடுல்ஸ் சூப் கடை வைத்திருப்பவள். அணியில் ஓர் இடம் காலியானதும் தன் பெயரைப் போடச் சொல்லித் தானே கேட்டுச் சேர்ந்தவள்.

"இல்ல மனாங்," என்றாள் கெர்லி. அங்கே அக்காவை மனாங் என்றும் அண்ணனை மனோங் என்றும்தான் அழைப்பார்கள். "உங்களுக்கும் பன்னெண்டு நிமிஷம்தான் போட்டிருக்கேன்."

எல்லாருக்கும் பன்னிரண்டுதான். திருவிழாவில் நடக்கும் தெரு ஆட்டத்தில் யாரையும் உட்கார வைக்க முடியாது. உட்கார வைத்தால் அந்த வீட்டில் அடுத்த திருவிழா வரை பேச்சு இருக்காது. அந்த வழக்கத்தை அப்படியே விளையாட்டுக்குள் கொண்டுவந்துவிட்டாள். தெருவில் ஒருவருக்கும் மனக்குறை இல்லை. அணி மட்டும் தோற்றுக்கொண்டே வந்தது.

கடைசி ஆட்டம் செபு அணியோடு. அதிலும் தோற்றால் கீழ்ப்பிரிவுக்கு இறங்க வேண்டும். இறங்கும் அணி மூன்று ஆட்டக்காரர்களை வெளியேற்றியாக வேண்டும் என்பது விதி.

மூன்று பேர். எந்த மூன்று பேர்? தினமும் கேனோடு வந்து நிற்பவர்கள்.

செபு அணியின் பழைய ஆட்டங்களைப் படித்துப் பார்த்தாள். நிறைய எறிவார்கள், நிறையத் தவறவிடுவார்கள். தவறிய பந்தைப் பிடிக்க, அதாவது ரீபவுண்டு எடுக்க, ஒருவன் போதும். அவள் அணியில் உயரமானவன் எட்செல். நிஜத்தில் எட்செல் ட்ரைசைக்கிள் ஓட்டுபவன், தெருவிலேயே குள்ளம். பாவம் என்று விளையாட்டில் இரண்டு மீட்டர் உயரம் கொடுத்திருந்தாள். அவனுக்கு இந்த வாரம் நாற்பது நிமிடம் பயிற்சி தேவை.

பத்து நிமிடத்துக்குக் கீழே போனால் ஆட்டக்காரரின் திறமை இறங்கிவிடும். ஆகவே ஆளுக்கு இரண்டு நிமிடம்தான் எடுக்கலாம். கேட்காமல் எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. கேன் நிரம்பும்போது தலை நிமிராமல் ஒவ்வொருவராகக் கேட்டாள்.

"ரெண்டு நிமிஷம் விட்டுக் கொடுப்பீங்களா?"

"யாருக்கு? எட்செலுக்கா?" நெனித்தா இடுப்பில் கை வைத்தாள். "என் கடையில அவனுக்கு ஸ்டூல் போட்டாதான் மேசையே எட்டும். அவனுக்கா?"

"நான் கேட்டேனா மனாங்? வளர்ந்தவன்கிட்ட எல்லாரும் வேலை வாங்கறீங்க," என்றான் பின்னால் நின்ற எட்செல்.

நெனித்தா சிரித்துவிட்டாள். "எடுத்துக்கோ, போ. தோத்தே, பச்சோய்ல எலும்பு கிடையாது."

எட்டுப் பேர் கொடுத்தார்கள். கூட்டிப் பார்த்தாள். எட்செலின் சொந்தப் பன்னிரண்டையும் சேர்த்து இருபத்தெட்டு. இன்னும் பன்னிரண்டு வேண்டும். ஒருவர் மொத்தத்தையும் விட வேண்டும். அதை யாரிடம் கேட்பது?

மிச்சம் இருந்தவர் தச்சர் டெல்ஃபின். வலது முட்டி மடங்காமல் மெதுவாக வருவார். விளையாட்டிலும் அவர்தான் வயதில் மூத்தவர். கெர்லி கேனை நிரப்பினாள், மூடினாள், துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"என்னைய மட்டும் ஏன் கேக்கல?"

"உங்களுக்கு வேணாம் மனோங்."

"ஏன், நான் இந்தத் தெரு இல்லையா?"

அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள். "உங்ககிட்ட ரெண்டு வாங்கினா பத்தாது. முழுசா வேணும். வாங்கினா உங்க ஆட்டம் இறங்கிடும். திரும்ப ஏறுமான்னு தெரியாது."

டெல்ஃபின் தன் பெயருக்கு எதிரே இருந்த திறமை எண்ணைப் பார்த்தார். "பதினொண்ணு. மோசமில்லையே." கொஞ்சம் யோசித்தார். "இதை வச்சுக்கிட்டா?"

"தோத்துடுவோம்னு நினைக்கறேன். மூணு பேர் போகணும்."

"அப்ப எடு. பெஞ்சுல உட்கார்றதுக்கு எவன் பயிற்சி எடுப்பான்?" கேனைத் தூக்கினார். "பேரை மட்டும் அழிச்சிடாத."

சனிக்கிழமை மாலை தண்ணீர்க் கடை முன்னால் இடமில்லை. கெர்லி கைப்பேசியைக் கல்லாப் பெட்டிமேல் சாய்த்து வைத்தாள். அவள் படிக்க, மற்றவர்கள் கத்தினார்கள். செபு எறிகிறது. தவறியது. எட்செல் பிடித்தார். மறுபடி தவறியது. மறுபடி எட்செல்.

"விடாதடா!" என்று கத்தினான் எட்செல், தன்னைப் பார்த்தே.

இறுதி நிமிடத்தில் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தார்கள். நெனித்தா எறிகிறார். தவறியது.

"அய்யோ, நானா!" நெனித்தா முகத்தை மூடிக்கொண்டாள்.

அடுத்த வரி வரத் தாமதமானது. கெர்லி படிப்பதற்குள் நெனித்தா விரலிடுக்கில் பார்த்து, தானே படித்தாள். "எட்செல் பிடித்தார். எட்செல் கூடையில் போட்டார். ஆட்டம் முடிந்தது!"

கூச்சலில் எதிர்வீட்டு நாய்கள் குரைத்தன. யாரோ கெர்லியின் தோளைக் குலுக்கினார்கள். அவள் அமைதியாக ஆட்டக்காரர் பக்கத்தைத் திறந்தாள். பத்துப் பெயரும் இருந்தன. டெல்ஃபினுக்கு எதிரே பத்து. பக்கத்தில் கீழ்நோக்கிய சிவப்பு அம்பு.

அவர் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"காலையிலேயே முட்டில தெரிஞ்சுது," என்றார்.

கெர்லி சத்தமாகச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துத் தெருக்காரர்கள் பார்த்ததில்லை. "அடுத்த வாரம் என் பங்குல இருந்தும் அவருக்குப் போடு," என்றாள் நெனித்தா. "என்னுதுலயும்," என்றது இன்னொரு குரல்.

"சும்மா இருங்க. பழையபடி பன்னெண்டு போதும்," என்று சொல்லி டெல்ஃபின் கேனை எடுக்கக் குனிந்தார்.

அதற்குள் எட்செல் பாய்ந்து அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். கேனுக்கு மேலே அவன் கண்கள் மட்டும் தெரிந்தன.

"ரீபவுண்டு!" என்று கூவிக்கொண்டே டெல்ஃபின் வீட்டைப் பார்த்து நடந்தான்.