குளிர்ந்து கிடக்க வேண்டிய கிணறு

அண்ணாமலையார் காலடியில் நெருப்புதான் இருக்கும் என்று ஊரே நம்பிக்கொண்டிருந்த இடத்தில், ஜெயந்திமாலா ஒருத்தி மட்டும் இந்தத் தரை குளிர்ந்து கிடக்கவேண்டுமே என்று தவித்துக்கொண்டிருந்தாள்.

எழுபத்தெட்டாம் வருஷம். பூமிச் சூட்டிலிருந்து மின்சாரம் எடுக்க முடியுமா என்று தேடும் குழுவில் அவள் ஒருத்திதான் பெண். போன வாரம் கடலூருக்குத் தெற்கே, கடற்கரைச் சமவெளியில், ஒரு பழைய ஆழ்துளைக் கிணற்றில் தெர்மாமீட்டரை இறக்கினாள். நாற்பத்தாறு டிகிரி! அன்றிலிருந்து அவளுக்குத் தலைகால் புரியவில்லை. மேலதிகாரி சக்கரபாணிதான் மசியவில்லை. காய்ச்சல் பார்ப்பது போல, ஏறிய பாதரசம் தானாக இறங்காத தெர்மாமீட்டர் அது. வெயிலில் வைத்திருந்து இறக்கியிருப்பாள், அது காட்டியது சூரியனின் சூடு என்று சொல்லிவிட்டார். அவர் நம்பாவிட்டால், ஆழத் துளைக்கும் ரிக் நாளை வேறு மாநிலத்துக்குப் போய்விடும்.

கடைசியில் ஒரு பரீட்சைக்கு ஒத்துக்கொண்டார். திருவண்ணாமலையில் அவர்கள் தங்கியிருந்த லாட்ஜில் கருங்கல்லைத் துளைத்துப் போட்ட போர்வெல் இருந்தது. இன்னும் பம்பு மாட்டவில்லை. அதே தெர்மாமீட்டர், அதே கத்திரி வெயில். இங்கும் சூடு காட்டினால் தப்பு அவள் கையில். காட்டாவிட்டால் கடற்கரைச் சூடு நிஜம்.

லாட்ஜ்காரர் முருகையன் அக்கம்பக்கத்தையே கூட்டிவிட்டார். "இது அக்னி ஸ்தலம்மா. சூடு இங்கதான் ஜாஸ்தி இருக்கும், பாருங்க" என்றார். நல்ல மனுஷர்தான், ஆனால் அந்த நேரத்தில் அவர் வாயை மூடிக்கொண்டால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

கடலூரில் செய்த மாதிரியே, சோடாக்கடை ஐஸில் தெர்மாமீட்டரைக் குளிரவைத்து, உதறி, கம்பியில் இறக்கினாள். பாதரசம் ஏற நேரம் கொடுத்து, மெல்ல இழுத்தாள். மேலே வந்ததும் வெயில் படாமல் ஐஸ் துணியில் சுற்றிச் சக்கரபாணியிடம் கொடுத்தாள்.

"முப்பத்தொண்ணு" என்றார் அவர்.

முருகையன் முகம் தொங்கிப் போயிற்று. ஜெயந்திமாலாவுக்கோ அந்த முருகையனையே கட்டிக்கொண்டு குதிக்கலாம் போல இருந்தது.

சக்கரபாணி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"ரிக் கடலூருக்கே போகட்டும். எவ்ளோ ஆழம் போடணும், நீங்களே சொல்லுங்க."

இதுவரை அவர் அவளிடம் எதையும் கேட்டதில்லை.

"ஆயிரம் மீட்டருங்க சார்" என்றாள், மூச்சுக்கூட விடாமல்.