ஊசிமலைத் தோட்டத்துக் கடற்கரை

டயகமவுக்கு மேலே இருக்கும் ஊசிமலைத் தோட்டத்துக்குக் கடல் வந்து சேர்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வேலை பிரிக்கிற பெரட்டுக்கு ஆட்கள் கூடிக்கொண்டிருந்த நேரத்தில். திங்கட்கிழமை வரை நாலாம் நம்பர் மலைக்குக் கீழே ஓர் ஓடையும், தோட்டத்துக் குப்பையெல்லாம் கொட்டுகிற பள்ளமும் மட்டுமே இருந்தன. செவ்வாயன்று பள்ளம் முழுக்க நீலத் தண்ணீர். அது தேயிலைச் செடிகளின் தூரில் மோதி, நுரைத்து, திரும்பிப் போனது. கொழுந்தெடுக்கும் ராக்காயி இறங்கிப் போய் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, உப்பு என்றாள். எதிர்மலை இருந்த இடத்தில் வானம் நேர்கோடாக முடிந்தது. அந்தப் பக்கத்துச் சிங்களக் கிராமத்தாரைப் போனில் கேட்டதற்கு, எங்கள் பக்கம் கடல் ஏதும் இல்லை, ஓயா ஆறுதான் வழக்கம்போல ஓடுகிறது, உருளைக்கிழங்குக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருக்கிறோம் என்றார்கள். நுவரெலியாவிலிருந்து வந்த அதிகாரி முழங்கால்வரை நனைந்த காற்சட்டையோடு நின்றுகொண்டு, ஐயாயிரம் அடி உயரத்தில் கடல் இருக்க முடியாது என்று எழுதிக் கையெழுத்திட்டார். ஆகவே நிவாரணமும் வராது என்பது எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

முதல் மூன்று மாதம் தோட்டம் பயத்திலேயே சமைத்துச் சாப்பிட்டது. குடிக்கப் பிடிக்கிற பீலித் தண்ணீர் கரித்தது. மாடுகள் தண்ணீரைக் கண்டு பின்வாங்கின. கரையோரத்துத் தேயிலை நிரை நிரையாகக் கருகியது. கீழ் லயத்து வரிசை வீட்டுத் தாய்மார் பிள்ளைகளைப் பழைய சேலையால் தங்கள் இடுப்போடு கட்டிக்கொண்டு சோறாக்கினார்கள். நான்காம் மாதத்தில், இருபது வருடமாகப் பள்ளத்தில் கொட்டியதையெல்லாம் கடல் திருப்பித் தரத் தொடங்கியது. களைநாசினிக் கேன்கள், உரப் பைகள், யோகட் கோப்பைகள், பிள்ளைகளின் அறுந்த செருப்புகள் எல்லாம் கழுவிச் சுத்தமாக வாசல்களில் அடுக்கப்பட்டுக் கிடந்தன. யாருடைய குப்பை யார் வாசலுக்கு என்பதில் கடல் ஒருதரம்கூடத் தவறவில்லை. அதுதான் எல்லாவற்றிலும் அதிகப் பயமாக இருந்தது. தண்ணீருக்குத் தங்கள் பெயர் தெரிந்திருக்கிறது என்று சனங்கள் மெதுவாகப் பேசிக்கொண்டார்கள்.

ஆனால் தோட்டத்திலேயே அதிகம் பயந்தவர் பள்ளிக்கூடத்து யோகராணி டீச்சர். முல்லைத்தீவுக்காரர். பதினெட்டு வயதில், சுனாமி வந்த காலையில், தகப்பனையும் அண்ணன் ஜெயதீபனையும் ஒரே அலையில் பறிகொடுத்தவர். அதன்பிறகு கடலைப் பார்க்காமல் வாழக்கூடிய இடம் எதுவென்று வரைபடத்தில் தேடி, மலைநாட்டுக்கு நியமனம் கேட்டு வாங்கி வந்து பதினாறு வருடம் ஆகியிருந்தது. கடல் வந்த நாளிலிருந்து அவர் வகுப்பின் கீழ்ப்பக்க ஜன்னல்களைச் சாத்தியே வைத்திருந்தார். கடல் டீச்சரைத் தேடித்தான் மலையேறி வந்திருக்கிறது என்ற பேச்சு எந்த லயத்தில் தொடங்கியதோ தெரியாது. அதை அவரிடம் கொண்டுபோய்ச் சொல்ல ராக்காயியை அனுப்பினார்கள்.

"தப்பா நெனைக்காதீங்க டீச்சர். ஒங்களத் தேடித்தான் வந்திருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க. எங்களுக்கும் புள்ள குட்டி இருக்குல்லங்க."

"எனக்கும் அப்பிடித்தான் படுது அக்கா" என்றார் டீச்சர். "மாற்றத்துக்கு எழுதிப்போட்டிட்டன்."

இடமாற்றம் வர ஒன்றரை வருடத்துக்கு மேல் சென்றது. அதற்குள் கடல் கரையில் வெள்ளை மணலைக் குவித்து ஓர் ஆள் உயர மேடாக்கியிருந்தது. மேடு எழுந்த பிறகு அலை கீழ் லயத்தை எட்டவில்லை, பீலித் தண்ணீரும் மெல்லத் தெளிந்தது. தோட்ட நிர்வாகம் மேட்டைப் பார்த்ததும் லொறிகளை அனுப்பியது. நானுஓயாப் பக்கம் கட்டடம் கட்டுகிறவர்களுக்கு மணல் தேவைப்பட்டது. டீச்சர், வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு கணேசமூர்த்தியிடம் போய், கடல் இருக்கும் திசைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு பேசினார். "மேட்டை அள்ள விடாதேங்கோ ஐயா. அதுதான் உங்கட மதில்." கணேசமூர்த்தி, தோட்டத்துத் தொர சொன்னதைத்தான் தன்னால் செய்ய முடியும் என்றார். கீழ் லயத்துக்கு நேர் எதிரே மேட்டில் லொறி அகலத்துக்கு ஒரு வாய் விழுந்தது.

மாற்றக் கடிதம் வந்த வெள்ளிக்கிழமை, பத்து மணியளவில், டீச்சர் பையோடு மேல் ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றார். இரண்டு வருடமாக ஓயாமல் கேட்ட இரைச்சல் நின்றுபோயிருந்தது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று இருந்தவர் திரும்பினார். கடல் பின்வாங்கி வெகுதூரம் போயிருந்தது. கறுத்த சேற்றில் மீன்கள் துள்ளின. இடைவேளைக்கு விட்ட பிள்ளைகள் கூச்சலோடு அதற்குள் ஓடிக்கொண்டிருந்தார்கள். கொழுந்துக்கூடைகளைப் போட்டுவிட்டுப் பெண்களும் இறங்கினார்கள். டீச்சர் பையை ரோட்டில் விட்டுவிட்டுக் குறுக்குப் பாதையால் கீழே ஓடினார். செருப்பு எங்கே கழன்றது என்று அவருக்குத் தெரியாது.

"தண்ணிதான் போயிருச்சே டீச்சர், ஏன் கத்துறீங்க?" என்றாள் ராக்காயி.

"போகேல்ல அக்கா, மூச்செடுக்குது! திரும்பி வரும்! பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு மேல ஏறுங்கோ!"

அந்த முகத்தைப் பார்த்ததும் ராக்காயி மலை முழுக்கக் கேட்கும்படி அலறினாள். கணேசமூர்த்தி ஓடிப்போய்ப் பெரட்டு மணியை விடாமல் அடித்தார். எல்லோரும் ஏறினார்கள். எல்லோருக்கும் பின்னால், சேற்றில் வெகுதூரத்தில் நின்றுவிட்டது ராக்காயியின் மகள் ஷாமிலா, இரண்டு கையிலும் மீனோடு. அவளுக்கு ஏழு வயது. தாய் ஓடத் தொடங்குவதற்குள், மலைக்கு வந்த பதினெட்டு வருடமாகக் கடலின் பெயரைக்கூட உச்சரிக்காத டீச்சர் கடலின் தரையில் இறங்கிப் போய்விட்டார். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்றாம் நிரைத் தேயிலையைப் பிடித்து ஏறும்போது, பின்னால் எதிர்மலை எழுந்து வருவதுபோல இருந்தது.

அலை மணல்மேட்டில் மோதிச் சரிந்தது. மேட்டில் வெட்டிய வாயால் மட்டும் உள்ளே புகுந்து, கீழ் லயத்தின் பன்னிரண்டு காம்பரா வீடுகளையும் ஒரு லொறியையும் எடுத்துக்கொண்டு போனது. மேல் மலையில் ஆட்களை மூன்று தரம் எண்ணினார்கள். ஒருவரும் குறையவில்லை. ராக்காயி கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குத் துணியை அவிழ்த்து டீச்சரைச் சுற்றிக் கட்டி, கட்டிய இடத்திலேயே பிடித்துக்கொண்டிருந்தாள். "போயிடாதீங்க டீச்சர்" என்றாள்.

திங்கட்கிழமை மறுபடி லொறிகள் வந்தபோது ரோட்டில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கணேசமூர்த்தியும் தொப்பியைக் கழற்றிவிட்டு அவர்களோடு உட்கார்ந்தார். ஒன்பதாவது நாள் லொறிகள் வருவதை நிறுத்தின. வீடிழந்த பன்னிரண்டு குடும்பங்களையும் மேல் லயத்தார் காம்பராவுக்கு ஒன்றாகச் சேர்த்துக்கொண்டார்கள். நெருக்கத்தில் சண்டையும் வந்தது, இரண்டு கல்யாணமும் நடந்தது. மேலதிகமாகக் கைகாசு கொடுத்தாலும் களைநாசினி தெளிக்க யாரும் போகவில்லை, புல்லைக் கையால் பிடுங்கினார்கள். மாற்றத்தை வேண்டாமென்று எழுதிவிட்டு டீச்சர் முல்லைத்தீவிலிருந்து பஸ்ஸில் வரவழைத்த தாழையும், உப்புத் தண்ணீரில் வளரும் கண்டல் கன்றும் மேட்டின் வாயில் வேர்பிடித்தன. அவற்றை நட்ட நாட்களில் டீச்சர் ஒவ்வொரு குழிக்கும் ஒருதரம் நிமிர்ந்து கடலைப் பார்த்துக்கொண்டார். பயம் போயிருச்சா என்று ராக்காயி கேட்டதற்கு, "இல்லை அக்கா. அது இருக்கட்டும்" என்றார்.

இப்போது பள்ளிக்கூடத்துக் கரும்பலகையில் திகதிக்குக் கீழே தண்ணீர் ஏறும் நேரமும் வற்றும் நேரமும் எழுதப்படுகின்றன. பெரட்டில் கணேசமூர்த்தி அதைப் பார்த்துத்தான் ஆட்களைப் பிரிக்கிறார். நேற்று வற்று பதினொன்றரைக்கு. பெண்கள் முதலில் மேல் மலையில் கொழுந்தெடுத்தார்கள், பிறகு, தண்ணீர் இறங்கியதும், கடலோரத்து நாலாம் நம்பர் மலைக்குப் போனார்கள்.